ஒரு நாற்காலிக்கு எத்தனை ஆள்?

குடிநீர் ஏற்று நிலையம் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். உள்ளே மோட்டார்களின் இரைச்சல். சுவரோரமாக மின்விசைப் பலகை. அதன் எதிரே ஒரு மேசை, ஒரு நாற்காலி. மின்னழுத்தத்தையும் தொட்டியின் நீர்மட்டத்தையும் மணிக்கொரு முறை ஏட்டில் குறித்துக்கொண்டு ஆபரேட்டர் ஒருவர் அதில் அமர்ந்திருப்பார். பழுது தென்பட்டால் அவர்தாம் மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும். ஆகவே இரவானாலும் தீபாவளியானாலும் அந்த நாற்காலி காலியாக இருக்கலாகாது. அதற்காக எத்தனை பேரை வேலைக்கு அமர்த்த வேண்டும்?

மூன்று பேர் என்று பலரும் சட்டென்று விடை கூறுவர். 24 மணி நேரத்தை 8 ஆல் வகுத்தால் 3 ஷிப்டு, ஷிப்டுக்கு ஒருவர். வகுத்தல் சரியானதே. ஆனால் அது ஒரே ஒரு நாளைக்கு மட்டும் பொருந்தும் விடையாகும். மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டால் மூவரும் ஆண்டின் 365 நாளும் வந்தாக வேண்டும். வார ஓய்வு கிடையாது, பொங்கல் கிடையாது, காய்ச்சல் வரக்கூடாது, தங்கைக்குத் திருமணம் நடந்தாலும் ஷிப்டு முடிந்த பிறகே போய்ச் சேர வேண்டும்!

எனவே கணக்கை வேறு விதமாகத் தொடங்குவோம். ஒருவர் ஒரு மணி நேரம் பணியில் இருப்பதை ஓர் ஆள்மணி என்று கொள்க. நாற்காலிக்கு ஆண்டொன்றுக்குத் தேவைப்படுவது 24 × 365, அதாவது 8,760 ஆள்மணி. எட்டு மணி ஷிப்டாகச் சொன்னால் 1,095 ஷிப்டு. இது தேவை. இனி, ஓர் ஆளிடமிருந்து உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

365 நாளில் வார ஓய்வு 52 போனால் மிஞ்சுவது 313. தேசிய விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் சேர்ந்து 9 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஈட்டிய விடுப்பு 15, தற்செயல் விடுப்பு 12, நோய்க்காகச் சராசரியாக 9, பயிற்சிக்கு 3. இவற்றின் கூட்டுத்தொகை 48. இவை எடுத்துக்காட்டுக்காக நான் கொண்ட எண்கள். உங்கள் ஊர் நிலையத்தில் சற்றே மாறுபடலாம். 313 இலிருந்து 48 ஐக் கழித்தால் 265 நாள், அதாவது 2,120 ஆள்மணி. சம்பளப் பட்டியலில் ஆண்டு முழுவதும் இடம்பெறும் ஒருவர் நாற்காலிக்குத் தரக்கூடியது இவ்வளவே. இதில் அவருடைய சோம்பல் ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் சட்டப்படியோ இயற்கைப்படியோ கழிந்த நாள்தான்.

இப்போது 1,095 ஐ 265 ஆல் வகுத்தால் 4.13 வருகிறது. மூன்று அன்று, நான்கும் சற்றுக் குறைவு!

அந்த 0.13 ஆளை எங்கே தேடுவது? நான்கு பேர் சேர்ந்து தருவது 1,060 ஷிப்டு. பாக்கி 35. ஆளுக்கு ஆண்டில் ஒன்பது முறை கூடுதலாக வந்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் கணக்கில் நாம் இரண்டு செலவுகளை மறந்துவிட்டோம். ஒரு ஷிப்டு ஆபரேட்டர் எழுந்து போகுமுன் அடுத்தவர் வந்து நிலைமையைக் கேட்டறிய வேண்டும். அதற்குக் கால் மணி. நாளைக்கு மூன்று முறை என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 274 மணி. அதாவது 34 ஷிப்டு. அடுத்தது உணவு இடைவேளை. அரை மணி அவர் எழுந்து போனால் அந்த அரை மணிக்கும் யாரேனும் உட்கார வேண்டும். அது ஆண்டுக்கு 68 ஷிப்டு. இவற்றையும் சேர்த்தால் தேவை 1,197, ஆட்கள் 4.52!

பல இடங்களில் இந்தக் கால் மணியைக் கணக்கிலேயே எழுதுவதில்லை. எழுதாததால் அது மறைந்துவிடுகிறதா? ஒருவர் 265 நாளும் கால் மணி முன்னதாக வந்தால் ஆண்டில் 66 மணி ஆகிறது. எட்டு ஷிப்டுக்கு மேல் அவர் இனாமாக உழைக்கிறார் என்பதே அதன் பொருள்.

சராசரிக்கு இன்னொரு குறை உண்டு. விடுப்புகள் ஆண்டு முழுவதும் சீராகப் பரவி வருவதில்லை. முகூர்த்த நாட்களிலும் பள்ளி விடுமுறையிலும் திருவிழாவிலும் திரண்டு வரும். ஒரு வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேவை 21 ஷிப்டு. நான்கு பேர் ஆளுக்கு 6 நாள் வந்தால் 24, மூன்று மிச்சம். ஒருவர் அந்த வாரம் முழுதும் விடுப்பில் போனால் 18, மூன்று குறைவு. இருவர் போனால் 12, ஒன்பது குறைவு. ஆண்டுக் கணக்கில் சிறு பின்னமாகத் தெரிந்தது, மே மாதத்தில் ஒரு வாரத்தில் பெரும் பள்ளமாக வந்து நிற்கிறது.

இந்தப் பள்ளத்தை ஓவர்டைம் கொண்டு நிரப்புவது வழக்கம். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொகுப்புச் சட்டமும் இதை விட்டுவிடவில்லை. 1,197 இல் 1,060 போக 137 ஷிப்டு ஓவர்டைம் என்றால் 274 நாள் சம்பளம் ஆகும். ஐந்தாவது ஆளை வைத்தால் 313 நாள் சம்பளம். ஓவர்டைமே இலாபம் என்று நிர்வாகி தீர்மானிப்பதில் வியப்பில்லை. காகிதத்தில் அது உண்மைதான். ஆனால் தூக்கத்துக்கு அந்தக் காகிதத்தில் பத்தி கிடையாது.

1988 டிசம்பர் 12 அன்று காலை லண்டனில் கிளாப்பம் சந்திப்பு அருகே ரயில்கள் மோதி 35 பேர் மாண்டனர். கைகாட்டி விளக்குக்கான பழைய கம்பி ஒன்று அகற்றப்படாமல் தொங்கி, புதிய இணைப்பைத் தொட்டு, தவறான சமிக்ஞை காட்டியதே காரணம். அந்தக் கம்பியை இணைத்த தொழில்நுட்பப் பணியாளர் அதற்கு முந்திய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு எடுத்திருந்தார் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அவர் கவனமற்றவர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் 13 வாரத்தில் 13 ஓய்வு நாட்களுக்குப் பதில் ஒன்று என்பது அவருடைய குணத்தைப் பற்றிய செய்தி அன்று. ஆள்மணிக் கணக்கைப் பற்றிய செய்தி.

வருகையைக் குறிக்கும் கருவிகள் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் வில்லர்ட் பண்டி என்பவர் 1890 ஆம் ஆண்டு வாக்கில் நேரப் பதிவுக் கடிகாரத்தைக் கண்டார். பணியாளர் தம் சாவியை நுழைத்துத் திருகினால் நேரம் தாளில் பதியும். அவர் குடும்பத்தார் நடத்திய நிறுவனம் பிற்காலத்து ஐ.பி.எம். நிறுவனத்தின் மூதாதைகளில் ஒன்றாகும். இன்று கைரேகைப் பொறி வந்துவிட்டது. எல்லாக் கருவியும் ஒருவர் வந்தாரா என்பதைத்தான் சொல்லும். நாளை எத்தனை ஆள்மணி கைவசம் இருக்கும் என்பதைச் சொல்லாது. அதற்கு விடுப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பதிவேட்டில் குறிப்பாகப் பார்க்க வேண்டியது ஈடுசெய் விடுப்பு. ஓவர்டைமுக்குப் பணம் தராமல், "பிறகு ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்" என்று சொல்வார்கள் அல்லவா? அது கடன். இவ்வாண்டு 35 ஷிப்டைக் கடனாக வாங்கினால் அடுத்த ஆண்டு கைவசம் 1,060 அன்று, 1,025 தான். குறை 70 ஆகிறது. அதற்கும் கடன் என்றால் மூன்றாம் ஆண்டு 105. வட்டியே இல்லாத கடன் இப்படி வளர்கிறது!

குறையைச் சுருக்க ஒரு வழி உண்டு. ஒரே நாற்காலிக்குத் தனித்தனியாக ஆள் ஒதுக்காமல், எட்டு நிலையங்களுக்கும் பொதுவாக ஒதுக்கலாம். தனித்தனியாக ஐவர் என்றால் 40 பேர். சேர்த்துக் கணக்கிட்டால், இடைவேளையை அருகிலுள்ளவர் பார்த்துக்கொள்ளும் நிலையில், 8 × 1,095 அதாவது 8,760 ஷிப்டு. 265 ஆல் வகுக்க 33.06. கால் மணி ஒப்படைப்பையும் கூட்டினால் 34.1. ஆகவே 35 பேர் போதும். எட்டுப் பின்னங்கள் ஒரே பின்னமாகச் சுருங்கிவிடுகின்றன. ஆனால் எட்டு நிலையங்களும் சைக்கிளில் போய்ச் சேரும் தொலைவில் இருக்க வேண்டும். எட்டு மோட்டார்களின் குணமும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான பயிற்சி நாட்களை 3 என்று எழுதிய இடத்தில் 6 என்று திருத்திக்கொண்டு, மேலே கண்ட கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.