ஒரு பெயரை அடித்துப் பார்த்தால்

ஜூலை மாதத்தில் ஐரோப்பாவின் பெரிய கால்பந்து லீக்குகளில் ஆட்டம் இருக்காது. பேச்சு மட்டும் இருக்கும். யாரை வாங்கினார்கள், யாரை விற்றார்கள், இந்த ஆண்டு கோப்பை யாருக்கு என்று மைதானத்துக்கு வெளியே ஒரு பெரிய ஆட்டமே நடக்கும். இந்த அலசல் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும்: கோல்கீப்பர் பிரமாதம், பின்களம் பலம், நடுக்களம் சுமார், முன்களத்தில் இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. வரிசைக்கு வரிசை மதிப்பெண் போட்டுக் கூட்டி, அதையே அணியின் பலம் என்பார்கள். கேட்கச் சுவையாக இருக்கும், ஆனால் அணியை அளக்கும் முறை இதுவல்ல. ஓர் இடத்தில் ஆள் குறைந்தால் அந்தக் குறை அதே இடத்தில்தான் வெளிப்படும் என்று இந்தக் கணக்கு நம்புகிறது. உண்மையில் அது பெரும்பாலும் வேறொரு வரிசையில் போய்ப் புகைகிறது. 2020-21 பருவத்து லிவர்பூல் அணியைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் குறைவு.

முதலில் அணி எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒரு கிளப், 21 வயதைத் தாண்டிய வீரர்களில் 25 பேர் வரை பதிவு செய்யலாம். உள்நாட்டுப் பயிற்சியில் வளராதவர்கள் அதில் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். களத்தில் 11 இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முதல் பெயர், அதன் கீழே ஒரு மாற்றுப் பெயர் என்று தாளில் கட்டம் போட்டு எழுதுவார்கள். கூர்ந்து பார்க்கிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஒரே பெயர் இரண்டு கட்டங்களில் இருக்கிறதா? தாளில் ஒருவரை இரண்டு இடத்தில் எழுதிவிடலாம், களத்தில் அவர் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். அதனால் ஒரு பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்துக்கு யார் வருகிறார், அவர் விட்டு வரும் இடத்துக்கு யார் போகிறார் என்று அந்தச் சங்கிலியைக் கடைசிவரை தொடர வேண்டும்.

2020 கோடையில் லிவர்பூல் நடப்பு சாம்பியன். முந்தைய பருவத்தில் 38 ஆட்டங்களில் 99 புள்ளி, அடித்த கோல் 85, வாங்கியது 33. அந்தக் கோடையில் பின்களத்தின் நடுவில் ஆடும் டேயான் லோவ்ரனை ரஷ்யாவின் ஸெனித் கிளப்புக்கு விற்றார்கள். அவருக்குப் பதிலாக யாரையும் வாங்கவில்லை. மிஞ்சிய சென்டர் பேக்குகள் மூவர்: விர்ஜில் வான் டைக், ஜோ கோமஸ், ஜோயல் மாட்டிப். நான்காவது பெயராக மனதில் இருந்தவர் ஃபாபின்யோ. பின்களத்திலும் நன்றாக ஆடக்கூடியவர்தான், ஆனால் நடுக்களத்தின் அடித்தளமே அவர். வரிசைக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு இதில் உறுத்தல் எதுவும் தெரிந்திருக்காது. முந்தைய இரண்டு பருவங்களிலும் வான் டைக் லீக்கின் 38 ஆட்டங்களிலும் ஆடியிருந்தார். ஓட்டையை மறைத்தது அந்த உடல்திடம்தான். 2019-20இல் மாட்டிப் லீக்கில் ஆடியது 9 ஆட்டங்கள் மட்டுமே. கோமஸுக்கு 2015இல் முழங்கால் தசைநார் கிழிந்தது, 2018 டிசம்பரில் கால் எலும்பு முறிந்தது. மூவரில் இருவரின் உடல் நம்பத்தகுந்ததல்ல என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த சேதி.

2020 அக்டோபர் 17 அன்று எவர்ட்டன் மைதானத்தில் அந்த அணியின் கோல்கீப்பர் மோதியதில் வான் டைக்கின் முழங்கால் தசைநார் போனது. அந்தப் பருவமே அவருக்கு முடிந்தது. நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் கோமஸ் விழுந்தார். ஜனவரி இறுதியில் மாட்டிப். ஃபாபின்யோ பின்னுக்குப் போனார், பிறகு கேப்டன் ஜோர்டன் ஹெண்டர்சனும் போனார். அந்தப் பருவத்தை நினைவுகூர்கிறவர்கள் ‘பின்களம் சரிந்தது’ என்றுதான் சொல்வார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. வான் டைக் களமிறங்கிய முதல் 5 லீக் ஆட்டங்களில் லிவர்பூல் 13 கோல் வாங்கியிருந்தது. ஆஸ்டன் வில்லாவிடம் 7-2 என்று உதைபட்டதும் அவர் ஆடிய ஆட்டத்தில்தான். அவர் இல்லாத மற்ற 33 ஆட்டங்களில் வாங்கியது 29. ஆட்டத்துக்கு 0.88. சாம்பியனான பருவத்தில் 0.87! கோல் அடித்த கணக்கைப் பாருங்கள்: 2.24இல் இருந்து 1.67க்கு இறங்கிவிட்டது. ஓட்டை விழுந்தது பின்னால், ஒழுகியது முன்னால்.

எப்படி? சென்டர் பேக்கின் வேலை பந்தைத் தடுப்பதோடு முடிவதில்லை. பயிற்சியாளர் யூர்கன் க்ளாப்பின் அணி மைதானத்தின் பாதிக் கோட்டுக்கு அருகே தடுப்பு வரிசையை நிறுத்தி, எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்கும். பின்னால் விடப்படும் பெரிய வெற்று வெளியைத் தனியாகக் காக்கும் ஓட்டமும் தைரியமும் வான் டைக்கிடம் இருந்தன. அவரை நம்பித்தான் இரண்டு ஃபுல் பேக்குகளும் ஓரங்களில் ஏறிப்போய் முன்கள வீரர்களைப் போலவே ஆடினார்கள். எதிர் ஓரத்துக்குக் குறுக்காக 50 கெஜம் பந்தைத் தூக்கிப் போடுவதும் அவர் வழக்கம். 2019-20இல் அந்த ஃபுல் பேக்குகளில் ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் 13, ஆண்டி ராபர்ட்சன் 12 கோல்களுக்குப் பந்து கொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் ஆளுக்கு 7. நடுக்களத்தில் சிதறும் பந்தை உடனே மீட்டு மறுபடி முன்னால் அனுப்புகிற ஃபாபின்யோவும் ஹெண்டர்சனும் பின்னால் நிற்க, தாக்குதலின் இரண்டாவது அலையே வரவில்லை. தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாத போர்வையின் கதைதான். 68 லீக் ஆட்டங்கள் சொந்த மைதானத்தில் தோற்காமல் இருந்த அணி, 2021 ஜனவரி 21 முதல் மார்ச் 7 வரை அதே ஆன்ஃபீல்டில் தொடர்ந்து 6 லீக் ஆட்டங்களில் தோற்றது. அந்த ஆறிலும் சேர்த்து அடித்தது ஒரே கோல், அதுவும் முகமது சலாவின் பெனால்ட்டி. முதல் 5 தோல்விகளிலும் பின்களத்தின் நடுவில் ஒரு நடுக்கள வீரராவது நின்றார்.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் ஒன்று வலுவானது. டிசம்பர் 19 அன்று கிரிஸ்டல் பேலஸை 7-0 என்று லிவர்பூல் நொறுக்கியபோதும் ஃபாபின்யோ பின்களத்தில்தான் இருந்தார். கிறிஸ்துமஸ் நாளில் அணி முதலிடத்தில் இருந்தது. அப்படியானால் சங்கிலிக் கணக்கு என்னாவது? ஒரு நடுக்கள வீரரை இழப்பதை அந்த அணியால் தாங்க முடிந்தது என்பதே என் பதில். அப்போது ஹெண்டர்சன் தன் இடத்தில் இருந்தார். ஜனவரியில் அவரும் பின்னால் போனபிறகுதான் நிலைமை மாறியது. இரண்டாவது மறுப்பு டியோகோ ஜோட்டாவைப் பற்றியது. 2025இல் மறைந்த அந்த முன்கள வீரர் டிசம்பரில் காயமாகி மாதக்கணக்கில் ஆடவில்லை. சாடியோ மானேவின் லீக் கோல்கள் 18இல் இருந்து 11 ஆகக் குறைந்தன. இவற்றுக்குப் பங்கு இல்லை என்று நான் வாதிடவில்லை. ரசிகர்கள் இல்லாத மைதானத்தைக் காரணம் காட்டுகிறவர்களின் வாதம்தான் பலவீனமாகத் தெரிகிறது. கூட்டமே இல்லாத இலையுதிர்காலத்திலும் ஆன்ஃபீல்டில் லீக் ஆட்டம் எதிலும் அணி தோற்கவில்லையே.

சந்தேகத்துக்கு இடம் தராத சாட்சி பருவத்தின் கடைசியில் இருக்கிறது. மார்ச்சில் க்ளாப் ஃபாபின்யோவை நடுக்களத்துக்குத் திருப்பினார். பின்களத்தில் நின்றவர்கள் யார்? முந்தைய பருவத்தில் ஜெர்மனியின் இரண்டாம் நிலை லீக்கில் கடனுக்கு ஆடிய நாட் பிலிப்ஸ். ஷால்க கிளப்பில் இருந்து பிப்ரவரியில் கடனுக்கு வந்த ஓசான் கபாக். முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் ஆறாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ரீஸ் வில்லியம்ஸ். மதிப்பெண் போடுகிறவர் இவர்களைப் பார்த்தால் அணியையே கைகழுவியிருப்பார். ஆனால் கடைசி 10 லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 2 சமநிலை. அடித்தது 21, வாங்கியது 6. சமநிலையில் முடிந்த லீட்ஸ், நியூகாசில் ஆட்டங்கள் இரண்டிலும் ஃபாபின்யோ மறுபடி பின்களத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெஸ்ட் பிராம்விச்சில் கோல்கீப்பர் அலிசன் கூடுதல் நேரத்தில் தலையால் முட்டி அடித்த கோலும் சேர்ந்து உதவ, 69 புள்ளியுடன் மூன்றாம் இடம்.

‘மூவருக்கும் ஒரே பருவத்தில் அடிபடும் என்று யார் கண்டார்கள்?’ என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. யாருக்கு, எந்த நாளில் என்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. மூன்று பேரில் இருவர் அடிக்கடி காயப்படுகிறவர்கள், மூன்றாமவர் விழுந்தால் நடுக்களத்தில் இருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்பதைச் செப்டம்பரிலேயே ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கலாம். நல்ல நான்காவது சென்டர் பேக் கிடைத்தாலும், பெஞ்சில் உட்கார அவர் சம்மதிக்க வேண்டும், சம்பளமும் கொடுத்தாக வேண்டும். பெருந்தொற்றில் வருமானம் விழுந்த ஆண்டில் அது எளிதல்ல என்பதை மறுப்பதற்கில்லை. 2021 கோடையில் லைப்சிக்கில் இருந்து இப்ராஹிமா கொனாட்டேயை லிவர்பூல் வாங்கியது. அடுத்த பருவத்தில் லீக்கில் அவர் ஆடியது 11 ஆட்டங்கள் மட்டுமே; அணி 94 கோல் அடித்து 92 புள்ளி எடுத்தது, ஃபாபின்யோ பெரும்பாலும் தன் இடத்திலேயே நின்றார்.