கீழாநெல்லி கல்லீரலைக் காக்குமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில், மழை ஓய்ந்ததும் வரப்போரமும் தோப்போரமும் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கும். மலையேறித் தேட வேண்டியதில்லை. 2021 முதல் புலிகள் காப்பகமான அந்த மலைக்காட்டில் செடி பறிக்கவும் கூடாது. கிளையைத் திருப்பினால், இலைகளுக்கு அடியில் சிறு காம்புகளில் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். காம்பே இல்லாமல், சொரசொரப்பான காய்கள் தண்டோடு ஒட்டியிருந்தால் அது அதன் பங்காளி, சிவப்புக் கீழாநெல்லி.

மஞ்சள் காமாலை என்றால் இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் வழக்கம். இதில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற லிக்னான் வகைச் சேர்மங்கள் உள்ளன. நச்சுப்பொருள் கல்லீரல் செல்லின் சவ்வைச் சிதைத்தால், உள்ளிருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசியும். பரிசோதனைச் சீட்டில் எஸ்ஜிபிடி என்று வருவது அப்படியொரு நொதியின் அளவுதான். எலியின் கல்லீரல் செல்களில் சோதித்தபோது, இச்சேர்மங்கள் அந்தச் சிதைவைக் குறைத்தன.

ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பெர்க்கின் குழு, கீழாநெல்லிச் சாறு அந்த வைரஸ் பெருகத் தேவையான நொதியைத் தடுப்பதாக 1987-ல் அறிவித்தது. மறு ஆண்டு சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், அந்த வைரஸை உடலில் தாங்கியிருப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து கொடுத்துப் பார்த்த முடிவு 'லான்செட்' இதழில் வந்தது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் நடந்த பின்னாள் சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் ஊரில் பலருக்குக் குணமானது எப்படி? அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்து வரும் காமாலை அப்படித் தணியாது. அங்கே மோரும் கீழாநெல்லியும் என்று கழியும் ஒவ்வொரு வாரமும் ஆபத்து.

ஆகவே, கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கீழாநெல்லி எடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். ஹெபடைடிஸ் பி வராமல் காக்கத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போட்டுவிடுங்கள்.