மாதிரிப் புகையிரத இயந்திரத்தை மெருகேற்றுதல்

ரம்புக்கனையை விட்டுப் புறப்படும் புகையிரதம் கடுகண்ணாவை மேட்டில் ஏறத் தொடங்கியதும் அதன் ஓசை மாறுகிறது. 45 அடி ஓடினால் ஓர் அடி உயரும் அந்தச் சரிவு, 1867ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை கண்டியை அடைந்த நாள் முதலாக, இயந்திரங்களின் வலிமையைச் சோதிக்கும் உரைகல்லாக இருந்து வருகிறது. நெடுங்காலம் அந்தச் சோதனைக்கு உள்ளானவை நீராவி இயந்திரங்கள். பின்னர் டீசல் இயந்திரங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அவற்றுள் மலைநாட்டு மக்களின் கண்ணுக்கும் காதுக்கும் நெருங்கிப் பழகியவை, கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954ஆம் ஆண்டு முதல் கனடாவிலிருந்து வந்து சேர்ந்த எம்2 வகை இயந்திரங்களாகும்.

அத்தகைய இயந்திரம் ஒன்றை மேசைமீது ஓடும் மாதிரியாக அமைப்பது எங்ஙனம்? முழுவதையும் புதிதாகச் செய்வது பெரும் பயிற்சி பெற்றவர்க்கே கைகூடும். ஆனால், கடையில் வாங்கியவுடன் ஓட்டத்தக்க மாதிரி ஒன்றைத் திருத்தி, உரிய உறுப்புகளைச் சேர்த்து, நம் நாட்டு இயந்திரமாக ஆக்குவது பொறுமையுள்ள எவர்க்கும் இயலும்.

முதலில் மூல இயந்திரத்தை அறிதல் வேண்டும். எம்2 என்பது இலங்கைப் புகையிரதத் திணைக்களம் இட்ட பெயர். அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தார் அதனை ஜி12 என்று வகைப்படுத்தினர். 12 உருளைகள் கொண்ட டீசல் எஞ்சின் ஒரு மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களை இயக்குகிறது. 1954இல் வந்தவற்றில் ஒவ்வொரு சக்கரத் தொகுதிக்கும் மூன்று அச்சுகள் உண்டு. முன் அச்சும் பின் அச்சும் இழுக்கும். நடு அச்சோ பாரத்தை மட்டுமே தாங்கும். தண்டவாளத்தின்மேல் விழும் சுமையைப் பங்கிட்டுக் கொடுப்பதே அதன் பயன். 1961இல் வந்த எம்2சி வகைக்கு இரண்டிரண்டு அச்சுகளே. ஆதலால், எந்த எண்ணுள்ள இயந்திரத்தைச் செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் கத்தியையும் தூரிகையையும் கையில் எடுக்கலாகாது.

இந்த ஜி12 வகை உலகின் பல நாடுகளுக்குச் சென்றது. பிரேசில் நாட்டிலும் அது ஓடியதனால், அந்நாட்டு ஃபிராட்டெஸ்கி நிறுவனம் அதனை 87இல் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்து விற்றிருக்கிறது. நம்மவர்க்கு அது நல்ல தொடக்கம். எனினும், பிரேசில் இயந்திரமும் கண்டிப் பாதை இயந்திரமும் உடன்பிறந்தாரைப் போன்றவை, இரட்டையர் அல்ல. எங்கே ஒன்றுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதைப் புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பட்டியல் எழுதிக்கொள்வதே முதல் வேலை. 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட தேசிய புகையிரத அரும்பொருட்சாலைக்கு ஒருமுறை சென்று வருவதும் நன்று. இரும்பின் தடிப்பு, ஆணித் தலைகளின் வரிசை, படிக்கட்டின் அமைப்பு ஆகியவற்றை நேரிற் கண்ட கண்ணுக்கே புகைப்படமும் முழுப்பொருள் தரும்.

அடுத்து வருவது பாதையின் அகலம். இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். அதனை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 19.3 மில்லிமீற்றர் வரும். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர் அகலமே உடையது. மேனாடுகளின் 4 அடி 8½ அங்குலப் பாதைக்கே அது பொருந்தும். ஆகவே, முன்னின்று நோக்கினால் நம் இயந்திரம் ஒடுங்கிய கால்களில் நிற்பது போலத் தோன்றும். இதற்கு வழி இரண்டு. குறையைப் பொறுத்துக்கொண்டு கடைத் தண்டவாளத்தில் ஓட்டுவது ஒன்று; நீண்ட அச்சுகளைப் பொருத்தி, 19.3 மில்லிமீற்றர் பாதையைக் கையாலேயே இடுவது மற்றொன்று. தொடக்கநிலையினர் முதல் வழியைக் கொள்வதில் இழுக்கில்லை.

மேலுடலைக் கழற்றுமுன் மாதிரியைச் சிறிது நேரம் இரு திசையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னரே இருந்த பழுதையும் பின்னர் நம் கையால் நேர்ந்த பழுதையும் பிரித்தறிய இதுவே வழி. பிறகு சக்கரங்களின் அழுக்கை நீக்கி, பற்சக்கரங்களுக்கு ஒரு துளி எண்ணெய் இடலாம். மேலுடலின் உள்ளே இடமிருப்பின் ஈயத் துண்டுகளை நடுநிலை தவறாமல் வைத்தால் சக்கரங்களின் பிடிப்புக் கூடும். கடுகண்ணாவையின் சரிவை மேசைமீது அமைப்பவர்க்கு இது மிகவும் வேண்டியது. இரண்டு மீற்றர் நீளத்தில் பாதை 44 மில்லிமீற்றர் உயரும் அல்லவா? ஆயினும் பாரம் மிகுந்தால் மோட்டார் சூடேறும். ஆதலால் அளவறிந்து இடல் வேண்டும்.

இனி வெளியுறுப்புகள். அமெரிக்க முறைப்படி அமைந்த மாதிரிகளில் நடுவே கொக்கிக் கை இருக்கும். இலங்கையிலோ இரு பக்கமும் தாங்கு வட்டுகளும், நடுவில் கொக்கியும் திருகு இணைப்பும் வழக்கம். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தவுடனேயே மாதிரியின் முகம் நம் நாட்டு முகமாகி விடுகிறது. அதன் அருகே வெற்றிடத் தடுப்புக்குரிய வளைந்த குழாயை, மெல்லிய கம்பியின்மேல் நுண்ணிய கம்பியைச் சுற்றிச் செய்துகொள்ளலாம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கைபிடிகள் பெரும்பாலும் மிகத் தடித்தவை. உண்மையில் 35 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாய் மாதிரியில் 0.4 மில்லிமீற்றராகச் சுருங்க வேண்டும். எனவே அவற்றை வெட்டி நீக்கி, நுண்துளையிட்டு, 0.4 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பியை வளைத்துப் பொருத்துவர். முகப்பு விளக்குக்குச் சிறு ஒளியுமிழ் இருவாயி இட்டு, அதனோடு தக்க மின்தடையையும் சேர்த்தல் அவசியம்.

வண்ணம் தீட்டுமுன் உடலைச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்த வேண்டும். கண்டியின் ஈரக்காற்று இவ்விடத்திலே பெரும் பகை. மழை நாளில் தெளித்த மெருகு, உலரும்போது ஈரத்தைக் கவர்ந்து வெண்மை படர்ந்து போகும். வெயில் அடிக்கும் நாளைத் தேர்ந்து, மெல்லிய பூச்சுகளாகப் பல முறை இட்டு, ஒவ்வொன்றும் நன்கு காய்ந்தபின்பே அடுத்ததை இடுதல் வேண்டும். எண்ணும் பெயரும் ஒட்டுமுன் பளபளப்பான பூச்சு. ஒட்டிய பின் மங்கலான பூச்சு. கடைசியாக, புகைபோக்கியைச் சுற்றிக் கரியும், சக்கரத் தொகுதிகளில் தடுப்புக்கட்டையின் செந்தூளும், பக்கங்களில் மழை வழிந்த கோடும் மிதமாகக் காட்டினால் இயந்திரம் உழைத்த தோற்றம் பெறும்.

பெயர் ஒட்டுவது அலங்காரம் மட்டுமன்று. இவ்வியந்திரங்கள் பல, கனடாவின் மாகாணப் பெயர்களைத் தாங்கியவை. 570ஆம் எண் ஆல்பெர்ட்டா. 628ஆம் எண் நம் காங்கேசன்துறை. 1990இல் நின்ற வடபகுதிப் புகையிரதம் 2015இல் மீண்டும் அத்துறையை எட்டும்வரை, அப்பெயர் ஊருக்குச் செல்லாத இயந்திரத்தின் பெயராகவே இருந்தது. 591ஆம் எண் மனிடோபா. 2004 டிசம்பர் 26ஆம் நாள் மாத்தறைக்குச் சென்றுகொண்டிருந்த அதன் புகையிரதத்தைப் பெரலிய என்னுமிடத்தில் ஆழிப்பேரலை கவிழ்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உருக்குலைந்த அவ்வியந்திரம் பின்னர்த் திருத்தப்பெற்று மீண்டும் பாதைக்கு வந்தது. 591 என்ற எண்ணை மாதிரியில் ஒட்டுபவர், அது எந்த ஆண்டின் தோற்றம் என்பதை முதலில் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டின் வண்ணத்தையும் வேறோர் ஆண்டின் உறுப்பையும் கலந்தால், ஒருபோதும் இருந்திராத இயந்திரமே உருவாகும்.

பழைய இயந்திரங்கள் என்றாவது ஒருநாள் உருக்காலைக்குப் போகும். அவை கண்டி நிலையத்தில் எப்படி நின்றன என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, உள்ளங்கையில் எடுத்துக் காட்டத்தக்க மெய்யான சாட்சி ஒன்று வீட்டில் இருக்குமாயின், அதற்குச் செலவிட்ட மாலைப்பொழுதுகள் வீண்போனவை ஆகா.