சைக்கிள் போனால் சின்னமும் போகும்

அமெரிக்காவில் சிறுமியர் சாரணியத்தைத் தொடங்கிய ஜூலியட் லோ 1913இல் அமெரிக்கச் சிறுமிகளுக்கு வெளியிட்ட சாரணியக் கையேட்டில் சைக்கிளோட்டிச் சின்னத்துக்கென்று சில விதிகள் உண்டு. சொந்தமாகச் சைக்கிள் வைத்திருக்கவேண்டும். ரியூப் ஒட்டத் தெரிந்திருக்கவேண்டும். வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கவேண்டும். இவையெல்லாம் நாம் எதிர்பார்க்கக்கூடியவைதான். இன்னொரு விதிதான் புதினமானது: சைக்கிள் கைவிட்டுப் போனால் சின்னத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

சாதாரணதரப் பரீட்சையில் எடுத்த ‘ஏ’ சித்தியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, பாடம் முழுவதும் மறந்துபோனாலும். இந்தச் சின்னமோ “இந்தப் பிள்ளையால் இன்று இது முடியும்” என்று ஊருக்குச் சொல்லும் அறிவித்தல். முடியாத நாளில் அது பொய்யாகிவிடும்.

சிறுமிகள் இந்தச் சின்னங்களுக்கு ஆசைப்பட்ட கதையும் சுவையானது. சாரணியத்தை நிறுவிய பேடன் பவல் 1908இல் பையன்களுக்காகத்தான் நூல் எழுதினார். அதை வாசித்த சிறுமிகள் தங்கள் முதற்பெயரை எழுதாமல் தலையெழுத்துகளை மட்டும் போட்டுத் தலைமையகத்தில் பதிந்துகொண்டார்கள். 1909 செப்டெம்பரில் லண்டன் கிறிஸ்டல் பலஸில் நடந்த பேரணிக்கு அழைப்பில்லாமலே வந்து நின்றார்கள். மறுவருடம் அவர்களுக்கெனத் தனி அமைப்பு உருவானது. பேடன் பவலின் தங்கை அக்னெஸ் அதற்குத் தலைமை தாங்கினார். சமையல், தையல், நோயாளர் பராமரிப்பு ஆகியவற்றோடு மின்வினைஞர், தந்தியாளர் சின்னங்களும் முதற்பட்டியலிலேயே இருந்தன. பிரித்தானியப் பெண்களுக்கு அப்போது நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமைகூட இல்லை.

இலங்கையின் முதல் சாரணியர் அணி 1917 மார்ச் 21 அன்று கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் ஜெனி கல்வர்லி என்ற ஆசிரியையால் தொடங்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் வேம்படி, சுண்டுக்குளி, உடுவில் போன்ற மகளிர் கல்லூரிகளில் சாரணியம் வேரூன்றியது.

சைக்கிளுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள உறவை நான் விளக்கத் தேவையில்லை. 1990இல் போரினால் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பற்றரியும் கிடைக்காமற் போயின. அப்போது வீடுகளில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். டைனமோவின் தலை ரயரில் உரசிச் சுழலும்போது உள்ளே காந்தமும் சுழல்கிறது. சுற்றியுள்ள செப்புக் கம்பிச்சுருளில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் மைக்கல் பரடே கண்டது இதைத்தான். ஆனால் இந்த மின்னோட்டம் முன்னும் பின்னுமாகத் திசை மாறும். சைக்கிள் விளக்குக்கு அது பொருட்டில்லை. வானொலிக்கோ ஒருதிசை மின்னோட்டம் வேண்டும். அதற்காக, ஒரு பக்கம் மட்டும் ஓடவிடும் டயோட்டை இடையில் பொருத்தினார்கள். வழமையான டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். சிறிய வானொலிக்கு அது தாராளம். மின்வினைஞர் சின்னத்துக்குரிய இந்த வேலையை, யாரும் சின்னம் தராமலே ஊர் கற்றுக்கொண்டது.

தேவை வந்தால் மனிதர் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்றால் சின்னம் என்ற துணித்துண்டு எதற்கு? 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெற் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு முன்பள்ளியில் செய்த பரிசோதனை இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. படம் வரைவதில் விருப்பமுள்ள பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதற்குழுவுக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டுப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். பரிசு அவர்களின் விருப்பத்தைத் தின்றுவிட்டது.

பரிசு எல்லாமே இப்படிக் கெடுப்பதில்லை. எட்வேர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோரின் விளக்கம் இது: ஆளை இழுத்துச் செல்லும் கயிறாக உணரப்படும் பரிசு ஆர்வத்தைக் குறைக்கிறது; “உனக்கு இது கைவந்துவிட்டது” என்ற செய்தியாக உணரப்படுவது ஆர்வத்தை வளர்க்கக்கூடும். லோவின் சைக்கிள் விதி இந்த ஆய்வுகளுக்கு அறுபது ஆண்டுகள் முந்தியது. இருந்தும் சரியான பக்கத்திலேயே நிற்கிறது என்பது என் எண்ணம். எண்ணிக்கைக்காகச் சின்னங்களால் சட்டைக் கையை நிரப்பும் போட்டி அதற்கு நேரெதிர்.

அப்படிக் கைவந்த திறனைச் சொல்லும் சின்னம் ஒன்றைச் சாரணிய ஆசிரியைகளிடம் கேட்கலாம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத இந்தக் குடாநாடு சுண்ணக்கல்லில் தேங்கும் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருக்கிறது. அதற்கென ஒரு கிணற்றுநீர்ச் சின்னம் வையுங்கள். நைத்திரேற்றை அளக்கும் பரிசோதனைத் தாளை மாணவியர் கையாளக் கற்கலாம். உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நம் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதைத் தாண்டிவிட்டது.