'வெறும் தூள்தானே' என்று நினைக்க வேண்டாம்: கஞ்சா 'கீஃப்' என்றால் என்ன? சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை நேரங்களில் புக்கிட் காயூ ஹீத்தாம் எல்லைச் சாவடியில் வாகன வரிசை நீண்டு கிடப்பது வழக்கம். ஹாட்யாயில் வார இறுதியைக் கழித்துவிட்டு சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் பினாங்குக்கும் திரும்புகிறவர்களில் நம் இளைஞர்களும் உண்டு. தாய்லாந்தில் 2022இல் கஞ்சாக் கடைகள் திறக்கப்பட்ட பிறகு, அந்தப் பயணங்களோடு ஒரு புதிய ஆபத்தும் சேர்ந்துகொண்டது.

"அங்கே புகைத்தது அங்கேயே முடிந்தது, கையில் ஒன்றும் இல்லை" என்ற நம்பிக்கையில் பையைக் கட்டுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பையின் பக்கவாட்டு அறையில், கஞ்சாப் பூவை அரைக்கும் சிறிய உலோக டப்பா ஒன்று மறந்துபோய்க் கிடக்கிறது. மேல்தட்டு காலி. அடித்தட்டைத் திறந்தால், மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் மிக மெல்லிய தூள் படிந்திருக்கிறது. பார்ப்பதற்கு மகரந்தம் போலிருக்கும் அந்தத் தூளுக்குத்தான் 'கீஃப்' என்று பெயர்.

அது மிச்சம் மீதி அல்ல. கஞ்சாச் செடியின் போதை முழுவதும் குடியிருக்கும் இடமே அதுதான். மலேசியச் சட்டமும் சிங்கப்பூர்ச் சட்டமும் அதைப் போதைப்பொருளாகவே எடுத்துக்கொள்கின்றன.

தூள் எங்கிருந்து வருகிறது?

ரப்பர் மரத்துக்குப் பால் எப்படியோ, கஞ்சாச் செடிக்குப் பிசின் அப்படி. பெண் செடியின் பூக்களிலும் பூவை ஒட்டிய சிறு இலைகளிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய முடிகள் நிறைந்திருக்கும். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவை காளான் போலத் தெரியும்: கீழே ஒரு காம்பு, மேலே உருண்டையான ஒரு தலை. அந்தத் தலையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் அதற்கும் குறைவு. டிஎச்சி எனப்படும் போதைப்பொருளின் மூல வடிவமும், கஞ்சாவுக்கே உரிய வாசனை எண்ணெய்களும் இந்தத் தலைக்குள்தான் உருவாகிச் சேர்கின்றன.

பூ காய்ந்ததும் இந்த உருண்டைத் தலைகள் சுலபமாக உடைந்து உதிரும். உதிர்ந்தவை ஒன்றுசேர்ந்தால் கீஃப். அதைச் சூடாக்கி அழுத்திக் கட்டியாக்கினால் 'ஹஷீஷ்'. செடி ஒன்றுதான், பிசினும் ஒன்றுதான். பக்குவத்துக்கு ஏற்பப் பெயர் மாறுகிறது, அவ்வளவே.

பெயருக்குப் பின்னால் ஒரு மலைநாடு

'கீஃப்' அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'கைஃப்' என்றால் இன்பம், கவலையற்ற சுகம் என்று பொருள். மொரோக்கோவின் வடக்கே உள்ள ரிஃப் மலைப்பகுதியில், நறுக்கிய கஞ்சாவையும் புகையிலையையும் கலந்து நீண்ட மெல்லிய குழாயில் புகைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. அந்தக் கலவையைத்தான் அங்குள்ளவர்கள் முதலில் 'கிஃப்' என்றார்கள். சலித்தெடுத்த பிசின் தூளுக்கு அந்தப் பெயர் உலகெங்கும் ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான்.

ரிஃப் மலைக் கிராமங்களில் இந்தத் தூளை எடுக்கும் முறை, மாவு சலிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எளிதில் புரியும். அகன்ற பாத்திரத்தின் வாயில் நெருக்கமாக நெய்த துணியை இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் காய்ந்த செடியைப் பரப்பி, மூடி, குச்சிகளால் தட்டுவார்கள். துணியின் கண்கள் வழியாகப் பிசின் தூள் கீழே இறங்கும். முதல் தட்டலில் விழுவது சுத்தமான தூள். தட்டத் தட்ட இலைத்துகளும் கலந்து தரம் குறையும். நூறு கிலோ காய்ந்த செடியைத் தட்டினால் கிடைக்கும் தூள் ஏறக்குறைய இரண்டு, மூன்று கிலோதான். அந்தச் செடியின் வீரியத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு, மூன்று கிலோவுக்குள் இறங்கிவிடுகிறது.

இந்தியாவில் இமயமலை அடிவாரத்தில் வேறொரு வழி. செடி பச்சையாக இருக்கும்போதே பூவை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாகத் தேய்ப்பார்கள். கையில் ஒட்டும் கருமையான பிசினைச் சுரண்டி உருட்டினால் அது 'சரஸ்'. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம், பூந்தலையைக் கஞ்சா என்றும் பிரித்தெடுத்த பிசினைச் சரஸ் என்றும் தனித்தனியாகவே வரையறுக்கிறது.

இன்றைய இளைஞர்களின் கையில் இருக்கும் அரைப்பான் டப்பா, அந்தத் துணிச் சல்லடையின் சின்ன வடிவம். மேலே பற்கள், நடுவே கம்பி வலை, அடியில் ஒரு கிண்ணம். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் சிறிதளவு தூள் வலை வழியாக இறங்கும். பல வாரங்கள் பயன்படுத்தினால், உரிமையாளர் கவனிக்காமலேயே அடியில் கணிசமாகச் சேர்ந்துவிடும்.

கள்ளும் சம்சுவும்

கீஃப் எவ்வளவு வீரியமானது என்பதை விளக்கத் தோட்டப்புறத்துப் பெரியவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். கள் குடித்துப் பழகியவர் அதே கிளாஸ் நிறையச் சம்சுவை ஊற்றிக் குடித்தால் என்ன ஆகும்? இங்கேயும் அதே கதைதான். இன்று கடைகளில் விற்கப்படும் கஞ்சாப் பூவில் எடைக்கு 10 முதல் 25 விழுக்காடு வரை டிஎச்சி இருக்கலாம். இலைத்துகள் கலக்காமல் சலித்த கீஃபில் அது இரண்டு மடங்கையும் தாண்டும்.

பயன்படுத்துகிறவர்கள் இதைப் பூவின்மேல் தூவிப் புகைக்கிறார்கள், அல்லது உணவில் கலக்கிறார்கள். மூல வடிவத்தில் உள்ள டிஎச்சி போதை தராது. சூடுபட்ட பிறகே அது போதைப்பொருளாக மாறுகிறது. அதனால்தான் பிஸ்கட், பிரவுனி, வெண்ணெய் என்று அடுப்பில் சூடாகும் பண்டங்களில் அது இடம்பெறுகிறது.

உண்ணும் வடிவத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. புகைத்தால் சில நிமிடங்களில் போதை தெரிந்துவிடும். சாப்பிட்டால் அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். "வேலை செய்யவில்லை" என்று இன்னும் இரண்டு துண்டு சாப்பிடுகிறவர்தான் பிறகு மருத்துவமனைக்கு வருகிறார். கல்லீரலுக்குள் டிஎச்சி வேறொரு வீரியமான பொருளாக மாறுவதால், சாப்பிட்டவருக்குப் போதை பல மணி நேரம் நீடிக்கும். நெஞ்சு படபடப்பு, கடும் பயம், வாந்தி, தலைசுற்றல், யாரோ தன்னைத் துரத்துவது போன்ற மனக்குழப்பம் ஆகியவை வரலாம். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் வரலாறு உள்ளவர்களுக்கும், இள வயதிலேயே தொடங்குகிறவர்களுக்கும் வீரியம் கூடிய கஞ்சா மனநோய் அபாயத்தை அதிகரிக்கிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

மலேசியச் சட்டம்: பிசினுக்கும் பூவுக்கும் ஒரே தராசு

1961ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டுப் போதைப்பொருள் உடன்படிக்கை, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசினைத் தனிப் பொருளாக வரையறுத்தது. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்திலும் கஞ்சாப் பிசினுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் எடை வரம்பு இரண்டுக்கும் ஒன்றே.

வைத்திருப்பதே குற்றம் என்கிறது பிரிவு 6. இத்தனை கிராமுக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை என்ற சலுகை அதில் இல்லை. தண்டனை ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிராம் முதல் 50 கிராமுக்குள் இருந்தால் பிரிவு 39ஏ பாயும்: இரண்டு முதல் ஐந்து ஆண்டுச் சிறையும், மூன்று முதல் ஒன்பது பிரம்படியும். 50 கிராமைத் தொட்டால் குறைந்தது ஐந்தாண்டு, கூடினால் ஆயுள் சிறை; பிரம்படி பத்துக்குக் குறையாது.

200 கிராமும் அதற்கு மேலும் இருந்தால், அந்த நபர் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கிறது. அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. கடத்தலுக்கான பிரிவு 39பியின் கட்டாய மரண தண்டனை 2023ஆம் ஆண்டு ஜூலையில் நீக்கப்பட்டது. ஆனால் மரண தண்டனையே போய்விட்டதாகச் சிலர் நினைப்பது தவறு. மரண தண்டனையா, ஆயுள் சிறையும் குறைந்தது 12 பிரம்படியுமா என்பதை இப்போது நீதிபதி தீர்மானிக்கிறார்.

இளைஞர்கள் பெரும்பாலும் அறியாத இரண்டு விஷயங்கள் இங்கே முக்கியம். முதலாவது, 'கடத்தல்' என்ற சொல்லுக்கு விற்பது மட்டும் பொருளல்ல. கொடுப்பது, வாங்குவது, வைத்திருந்து கொடுப்பது, ஏற்றிச் செல்வது, இறக்குமதி செய்வது எல்லாமே சட்ட வரையறைக்குள் வருகின்றன. நண்பனுக்கு இலவசமாகக் கொடுத்தாலும் கொடுத்ததுதான்.

இரண்டாவது, பிரிவு 37இன் அனுமானம். போதைப்பொருள் அடங்கிய எந்தப் பொருள் ஒருவரது பொறுப்பில் இருந்தாலும், அவர் அதை வைத்திருந்தார், அது என்னவென்று அறிந்தும் இருந்தார் என்றே சட்டம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும். அது பெட்டியாக இருக்கலாம், பையாக இருக்கலாம், அரைப்பான் டப்பாவாகவும் இருக்கலாம். "நண்பனுடைய பை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது" என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியவர் பையைச் சுமந்தவர்தான்.

சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு. கஞ்சா உடலின் கொழுப்பில் தங்குவதால், ஒருமுறை பயன்படுத்தியவரிடம் சில நாள்களும், தொடர்ந்து பயன்படுத்துகிறவரிடம் சில வாரங்களும் தடயம் தெரியலாம். பயன்படுத்திய குற்றத்துக்கு பிரிவு 15இன்கீழ் ஈராண்டு வரை சிறை அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அதன்பின் கண்காணிப்பு.

சிங்கப்பூர்: தூளுக்குக் கூடுதல் கடுமை

ஜொகூர்பாருவிலிருந்து நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இங்கேதான். சிங்கப்பூர்ச் சட்டத்தில் பிசினுக்கான வரம்பு பூவைவிடக் குறைவு. 15 கிராமுக்கு மேல் கஞ்சா இருந்தால் கடத்தல் என்று அனுமானிக்கப்படும். பிசின் என்றால் 10 கிராமைத் தாண்டினாலே போதும். கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனைக்கு வழிவிடும் எல்லை, கஞ்சாவுக்கு 500 கிராம்; பிசினுக்கு 200 கிராம்.

அதற்குக் குறைந்த அளவு என்றாலும் தப்பில்லை என்று ஆகாது. கடத்தலுக்கு ஐந்து முதல் 20 ஆண்டுவரை சிறையும், ஐந்து முதல் 15 பிரம்படியும் உண்டு. வைத்திருந்தால் மட்டும் பத்தாண்டு வரை சிறை அல்லது 20,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2023 ஏப்ரலில், ஒரு கிலோவுக்குச் சற்று கூடுதலான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட தமிழர் ஒருவர் சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டது நம் சமூகத்தில் பலருக்கும் நினைவிருக்கும்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வெளிநாட்டில் பயன்படுத்தினாலும், சிங்கப்பூரில் பயன்படுத்தியதைப் போலவே குற்றம். "தாய்லாந்தில் புகைத்தேன்" என்பது அங்கே சமாதானமாகாது.

தாய்லாந்திலும் நிலைமை மாறிவிட்டது

2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவைத் தாய்லாந்து நீக்கியபோதும், 0.2 விழுக்காட்டுக்கு மேல் டிஎச்சி உள்ள சாறுகளும் வடிபொருள்களும் தடைப்பட்டியலிலேயே இருந்தன. 2025 ஜூனில் கஞ்சாப் பூவுக்கும் மருந்துச்சீட்டு தேவை என்ற விதி வந்தது. எனவே "அங்கே எல்லாம் சட்டப்பூர்வம்" என்ற பேச்சு இப்போது பாதி உண்மைகூட இல்லை. முழு உண்மையாக இருந்தாலும், எல்லைக்கோட்டைத் தாண்டிய அடுத்த அடியில் மலேசியச் சட்டம் தொடங்கிவிடும்.

வீட்டில் கண்டால் என்ன செய்வது?

மகனின் அறையில் பல்வைத்த உலோக டப்பாவோ, பச்சை கலந்த தூளோ கிடைத்தால் பெற்றோர் பதறுவது இயல்பு. பதற்றத்தில் அதை உறவினர் வீட்டில் ஒளித்து வைப்பதும், வேறொருவர் கையில் கொடுத்து அனுப்புவதும் ஆபத்தை இன்னொருவர் தலையில் ஏற்றிவிடும் செயல். முதலில் பிள்ளையிடம் பேசுங்கள், பிறகு ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேளுங்கள். கைதானவர்களுக்கும் தடுப்புக்காவலில் உள்ளவர்களுக்கும் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இலவச உதவி வழங்குகிறது.

பழக்கத்திலிருந்து விடுபட விரும்புகிறவர், ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்திடம் தாமாகவே சிகிச்சைக்கு விண்ணப்பிக்க 1983ஆம் ஆண்டு சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் இடமளிக்கிறது. சிங்கப்பூரில் மனநலக் கழகத்தில் இதற்கான தனிப் பிரிவு இயங்குகிறது.

குழந்தை தவறுதலாகக் கஞ்சா கலந்த பிஸ்கட்டையோ மிட்டாயையோ சாப்பிட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். அளவுக்கு மீறிய தூக்கம், தள்ளாட்டம், மூச்சுத் திணறல் ஆகியவை வரலாம். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மீந்த பண்டத்தையும் அதன் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பயந்து உண்மையை மறைத்தால், மருத்துவர் வேறு நோயைத் தேடி நேரத்தை இழப்பார்.

பயணம் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது எளிமையானது. அடுத்தவர் பையைத் தூக்காதீர்கள். உங்கள் பையை நீங்களே கட்டுங்கள், ஒவ்வோர் அறையையும் திறந்து பாருங்கள். டப்பாவின் அடியில் ஒட்டியிருப்பது தூசிபோல இருக்கலாம், ஆனால் சாவடியில் அதைத் தூசியாகப் பார்க்கமாட்டார்கள்.