பட்டாவில் பெயர் இல்லாதவர்களை யார் கேட்பது?

வந்தவாசிக்குப் பக்கத்தில், செய்யாறு வட்டத்தில் உள்ள மேல்மாவின் பெயரை 2023-க்குப் பிறகு தெரியாத விவசாயி இருக்க மாட்டார். செய்யாறு சிப்காட்டின் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க அரசு முனைந்தது. ஜூலை 2-ம் தேதி போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் 125 நாள் எழுந்திருக்கவில்லை. நவம்பர் 4-ம் தேதி கைது. அடுத்து 7 பேர் மீது குண்டர் சட்டம். மாநிலம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும், 6 பேர் மீதான நடவடிக்கையை ரத்து செய்வதாக முதல்வர் அறிவித்தார்.

இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் 2013-ம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி, நிலத்தில் கை வைக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்த வேண்டும். ஊரிலேயே பொது விசாரணை வைக்க வேண்டும். 'பாதிக்கப்படும் குடும்பம்' என்றால் பட்டாதாரர் மட்டுமல்ல. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிரிடுபவர், கூலியாட்கள் எல்லோரும் அதில் அடக்கம்.

ஆனால், சிப்காட்டுக்கு நிலம் எடுக்கப் பயன்படுவது தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டுச் சட்டம். அதில் இந்த மதிப்பீடு கிடையாது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. இதன்படி நோட்டீஸ் நிலத்தின் சொந்தக்காரருக்கும், நிலத்தில் உரிமை உள்ளவர் என்று அரசு கருதுபவருக்கும்தான் போகும். நடவுக்கும் கடலை ஆயவும் போகிற பெண்ணுக்கு எந்தத் தபாலும் வராது.

ஊரை ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டாகப் பிரிப்பது அதிகாரிகளுக்கு வசதி. ஊர் அப்படி இருப்பதில்லை. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலையில் சுற்றுவட்டாரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். மகள் கம்பெனி பஸ்ஸுக்கும் தகப்பன் கடலைக் கொல்லைக்கும் கிளம்புகிற வீடுகள் இங்கே உண்டு. கிணறும் நஞ்சையும் வைத்திருப்பவர் ஒரு சென்ட்டும் தர மாட்டார். வெளியூரில் குடியேறிவிட்டவர் நல்ல விலை வந்தால் கொடுத்துவிடுவார். அவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவரின் கதி? திட்டம் போடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

நோட்டீஸ் வந்தால் குறித்த நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். குத்தகைதாரர்கள், 1969-ம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி வருவாய்த் துறையில் பெயரைப் பதிவு செய்துகொள்வது நல்லது. கூலித் தொழிலாளர்களுக்கு அந்த வழியும் இல்லை. அவர்கள் நிலையை கிராம சபைத் தீர்மானத்தில் எழுத வைக்கலாம்.