பழைய ரோட் பைக்குக்குப் புதுச் சக்கரம்

1970களிலும் 80களிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் செய்த எஃகுச் சட்ட ரோட் பைக்குகள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. துரு ஏறாமல் பார்த்துக்கொண்டால் அந்தச் சட்டத்துக்கு முதுமையே இல்லை. தேய்வது சக்கரம்தான். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ரப்பர் கட்டை ரிம்மின் பக்கச் சுவரைக் கொஞ்சம் சுரண்டி எடுக்கிறது. சுவர் உட்குழிந்து மெலிந்துவிட்டால் டயரின் காற்றழுத்தத்துக்கே அது பிளந்துவிடும். அந்த நிலை வந்ததும் என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்றைக்கு ஒரே பதில்தான் இருந்தது. இன்று பல பதில்கள் இருக்கின்றன. பல இருப்பதால்தான் பணம் வீணாகிறது.

அன்று சக்கரம் என்பது ஹப், கம்பி, ரிம் என்று தனித்தனியாக வாங்கிச் சேர்க்கும் பொருள். ரிம் தேய்ந்தால் ரிம்மை மட்டும் மாற்றுவார்கள். அதே அளவுள்ள புது ரிம்மைப் பழையதோடு சேர்த்துக் கட்டிவைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக இதிலிருந்து அதற்கு மாற்றி, முறுக்கேற்றி, கோட்டம் எடுத்தால் வேலை முடிந்தது. ஹப்புக்குள் இருந்தவை உதிரி பால்ஸ். அவற்றைத் தாங்கும் கோனைக் கழற்றி, கிரீஸ் வைத்து, திரும்பப் பூட்டினால் இன்னும் பல வருஷம் ஓடும். ஒரு சக்கரத்துக்கு 36 கம்பிகள் இருந்ததால் வழியில் ஒன்று அறுந்தாலும் மற்ற 35ம் தாங்கிக்கொள்ளும். வீடு வந்து சேரலாம்.

1990களின் நடுவில் இந்த வழக்கம் மாறத் தொடங்கியது. பிரான்சின் மாவிக் நிறுவனம் 1996இல் ஹீலியம், 1999இல் க்ஸிரியம் என்று முழுச் சக்கரங்களாகவே விற்றது. கம்பி குறைவு, எடை குறைவு, பார்க்கவும் அழகு. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின. அவை மோசமான சக்கரங்கள் அல்ல. ஆனால் அந்தந்த மாதிரிக்கென்றே செய்த கம்பிகள், அந்த மாதிரி நின்றுபோன பிறகு கிடைப்பது அரிது. 20 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் ரிம் கோணி பிரேக்கில் உரசும். பழைய சைக்கிளில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இந்தச் சக்கரம் ஒத்துவராது என்பது என் திடமான கருத்து.

இன்னொரு மாற்றம் விலையில் நேர்ந்தது. இயந்திரத்தில் பின்னிய சக்கரம் மலிந்துவிட்டது. ரிம், கம்பி, கூலி எல்லாம் சேர்த்துக் கூட்டினால் புதுச் சக்கரத்தின் விலையைத் தாண்டும் நிலை பல ஊர்களில் வந்துவிட்டது. ஆகவே முழுச் சக்கரம் வாங்குவது இன்று சரியான முடிவுதான். அளவு தெரியாமல் வாங்குவதுதான் தவறு.

அந்த அளவில் அங்குலக் கணக்கை நம்பவே கூடாது. பழைய ரோட் பைக்குகளில் பலவற்றின் சக்கரத்துக்கு '27 அங்குலம்' என்று பெயர்; டயரின் விளிம்பு உட்காரும் விட்டம் 630 மி.மீ. இன்றைய 700சி ரிம்முக்கு அதே விட்டம் 622 மி.மீ. இந்த 700சியை '28 அங்குலம்' என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. நம் ஊர் கறுப்பு சைக்கிளின் 28 அங்குல ரிம்மோ 635 மி.மீ. மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. டயரின் பக்கத்தில் 32-630, 28-622 என்று அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண்தான் உண்மை பேசும். 630இலிருந்து 622க்கு மாறுவது நல்லதுதான், ஏனென்றால் இன்று நல்ல டயர்கள் 622இல்தான் கொட்டிக் கிடக்கின்றன. மாறினால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கைகளில் கட்டையை இறக்க அந்த அளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காசை எடுக்க வேண்டும். குரோம் பூசிய இரும்பு ரிம் வைத்திருந்தவர்களுக்கு இதில் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. மழையில் அந்த ரிம்மில் பிரேக் ஏறக்குறையப் பிடிக்கவே பிடிக்காது. அலுமினிய ரிம் அந்தப் பயத்தைப் போக்கிவிடும்.

அடுத்தது பின்சக்கரத்தின் அகலம். ஐந்து பல்சக்கரம் இருந்த காலத்தில் சட்டத்தின் பின்கவைக்குள் 120 மி.மீ.; ஆறு, ஏழு என்று ஆனபோது 126; எட்டுக்குப் பிறகு 130. எஃகுச் சட்டம் வளைந்துகொடுக்கும். 126ஐப் பக்கத்துக்கு 2 மி.மீ. கையால் விரித்து 130 சக்கரத்தைச் செருகிவிடலாம். அலுமினியத்திலும் கார்பனிலும் இதைச் செய்யக்கூடாது.

பல்சக்கரம் பூட்டும் முறையும் மாறிவிட்டது. அன்றைய பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீல், ஹப்பில் மரையோடு திருகப்படும். பிரெஞ்சு மரை வேறு, ஆங்கில மரை வேறு. பலவந்தமாகத் திருகினால் ஹப்பே பாழ். வலப்பக்க பால்ஸ் கவையிலிருந்து தள்ளி உள்ளே இருப்பதால் அச்சும் அடிக்கடி வளையும். 1978இல் ஷிமானோ கொண்டுவந்த ஃப்ரீஹப் அந்த பால்ஸை வெளி ஓரத்துக்குத் தள்ளி இந்தக் குறையைத் தீர்த்தது. இன்று வாங்கும் சக்கரம் பெரும்பாலும் இந்த வகைதான். ஏழு பல்சக்கரங்கள் அடுக்கிய கேசட்டை எட்டு முதல் பத்து வரைக்கான ஃப்ரீஹப்பில் போட 4.5 மி.மீ. வளையம் ஒன்று பின்னால் வேண்டும். பதினொன்றுக்கான ஃப்ரீஹப் என்றால் கூடவே 1.85 மி.மீ. வளையமும் வேண்டும். சில்லறைக் காசில் கிடைக்கும் இந்த வளையங்களைப் பற்றிச் சொல்லாமலே விற்றுவிடும் கடைகள் உண்டு. கீழ்க்குழாயில் 'கிளிக்' சத்தமில்லாத பழைய கியர் லீவர் வைத்திருப்பவருக்கு எத்தனை பல்சக்கரம் என்ற கவலையே கிடையாது.

இப்போது டிஸ்க் பிரேக் காலம். சர்வதேச சைக்கிள் சங்கம் 2018இல் சாலைப் பந்தயங்களில் அதை முழுமையாக அனுமதித்தது. 2021இல் வந்த ஷிமானோவின் உயர்ரகச் சக்கரங்கள் டிஸ்க்குக்கு மட்டுமே. ரிம் பிரேக் சக்கரங்கள் கடைகளில் அருகுவது உண்மை. ஆனால் டிஸ்க்குக்கு மாறியவர்கள் கழற்றிப்போட்ட நல்ல ஜோடிகள் பழைய பொருள் சந்தையில் வந்து குவிகின்றன. சிக்கனமாக ஓட்டுபவருக்கு இது அருமையான நேரம்.

அப்படி வாங்கும்போது ரிம்மின் தேய்மானக் குறி, அந்தச் சிறு குழியோ கோடோ, இன்னும் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அச்சை விரலில் சுற்றும்போது நறநறவென்றால் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் 32 கம்பி, சாதாரணப் பின்னல், இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் போதும். எடையில் 200 கிராம் குறைக்கச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, எல்லாக் கம்பிகளையும் சமமாக முறுக்கேற்றச் சொல்லுங்கள். மலிவுச் சக்கரத்தில் கம்பிகள் அறுவது பெரும்பாலும் முறுக்கு தளர்ந்திருப்பதால்தான். சில வாரம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை கோட்டம் பார்த்துவிட்டால், அதன்பின் அந்தச் சக்கரத்துக்கு வேலை அதிகம் இருக்காது.